சாலமோனின் கப்பல் உவரிக்கு வந்ததா?

"இந்த ஊருக்கு உவரின்னு ஏன் பேரு வந்துச்சு, தெரியுமா தம்பி?"

கேட்டவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தோணியார் கோயிலுக்கு வந்த கூட்டம் கொஞ்சம் தள்ளிக் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தது.

"உவர்னா உப்பு. உப்புத்தண்ணி ஊருங்கறதால இருக்கும்" என்றேன். தமிழ் படித்த திமிர்.

பெரியவர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லுவாவ. வேதத்துல ஓப்பீர்னு ஒரு ஊரு வருதுல்லா? அதுதான் இது. சாலமோன் ராசா கப்பல் விட்டாருல்லா, அது இங்கனதான் வந்து நின்னுச்சு. தங்கம், தந்தம், மயிலு, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போனாவ."

"இங்கே ஏதுய்யா தங்கம்?"

"அப்பம் இருந்துருக்கும். இப்பம் மீனே இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வலையை எடுத்துக்கொண்டார்.

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர், மணப்பாடு தாண்டிப் போனால் உவரி. இந்தக் கரை முழுக்க இந்தக் கதை உண்டு. ஊர்ப்பெருமை என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால், பெரிய பெரிய மொழியறிஞர்களே நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக இதன் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உவரிக்குப் பக்கத்து ஊர்க்காரர். இடையன்குடி கால்டுவெல்.

அவரிடம் போவதற்கு முன்னால், கப்பல் விட்ட ராஜா யார் என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் ஒரு துண்டு நிலம். வடக்கே சிரியா, தெற்கே எகிப்து. இரண்டு பெரிய யானைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்ன ஊர். அங்கே இஸ்ரவேல் என்றொரு கூட்டம் இருந்தது என்பதற்கு பைபிளுக்கு வெளியே கிடைக்கிற மிகப் பழைய சாட்சி, எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு. கி.மு. 1208 வாக்கில் வெட்டியது. இஸ்ரவேலைப் பூண்டோடு அழித்துவிட்டதாக அதில் பெருமையடித்துக்கொள்கிறார். பாவம், முதல் செய்தியே மரண அறிவிப்பு! அதுவும் பொய்யான அறிவிப்பு.

பைபிள் சொல்லும் வரிசைப்படி முதல் ராஜா சவுல். அடுத்து தாவீது. அவருடைய மகன் சாலமோன், ஏறக்குறைய கி.மு. 970-லிருந்து 931 வரை. எருசலேமில் ஆலயம் கட்டியவர். ஞானி. எழுநூறு மனைவிகள், முந்நூறு மறுமனைவிகள் என்று கணக்கு வருகிறது. ஞானத்தைப் பற்றி அதற்குமேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

சாலமோன் கண்ணை மூடியதும் ராஜ்ஜியம் இரண்டாக உடைந்தது. காரணம் வரி. அப்பா போட்ட பாரத்தைக் குறையுங்கள் என்று வடக்கத்தியர்கள் கேட்டார்கள். மகன் ரெகொபெயாம், இன்னும் கூட்டுவேன் என்றார். போய்யா என்று பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போய்விட்டன. வடக்கே இஸ்ரவேல், பிற்பாடு அதற்குத் தலைநகர் சமாரியா. தெற்கே யூதா, எருசலேம். வடக்கு பணக்கார வீடு. தெற்கு மலைமேல் இருந்த ஏழை வீடு.

இதில் சாலமோனுக்குப் பிந்திய பாதிக்குக் கல்லிலும் களிமண்ணிலும் சாட்சி இருக்கிறது. கி.மு. 853-இல் அசீரியப் பேரரசனை எதிர்த்துப் பல குட்டி ராஜாக்கள் கூட்டணி அமைத்துப் போனார்கள். இஸ்ரவேலின் ஆகாப் 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்தான் என்று எதிராளியான அசீரியனே எழுதி வைத்திருக்கிறான். பக்கத்து நாடான மோவாபின் மன்னன் மேசா, இஸ்ரவேலிடமிருந்து தன் மண்ணை மீட்ட கதையைக் கல்லில் வெட்டினான். அந்தக் கல் 1868-இல் கிடைத்தது, இப்போது பாரிஸில் இருக்கிறது. எசேக்கியா என்ற யூதா ராஜா, முற்றுகைக்குப் பயந்து எருசலேமுக்கு அடியில் பாறையைக் குடைந்து அரை கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர்ச் சுரங்கம் வெட்டினான். இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்த கதையைச் சொல்லும் எழுத்து அந்தச் சுவரிலேயே இருந்தது. இன்றைக்கும் அந்தச் சுரங்கத்துக்குள் முழங்கால் தண்ணீரில் நடந்து போகலாம்.

தாவீதுக்கு? ரொம்ப காலம் ஒன்றுமே கிடைக்கவில்லை. தாவீது என்று ஒரு ஆள் இருந்தாரா என்றுகூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 1993-இல் வட இஸ்ரேலில் தெல் தான் என்ற இடத்தில் ஒரு உடைந்த கல் கிடைத்தது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. எதிரி நாட்டு மன்னன் ஒருவன் வெட்டியது. அதில் யூதாவின் அரச குலத்துக்குப் பெயர், தாவீதின் வீடு. கேள்வி கேட்டவர்களில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள்.

சாலமோனுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவர் காலத்துக் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் கிடையாது. மெகிதோ, ஆத்சோர், கேசேர் என்ற மூன்று ஊர்களின் கோட்டை வாசல்கள் ஒரே அச்சில் இருப்பதைப் பார்த்து, இவை சாலமோன் கட்டியவைதான் என்றார் யிகேல் யாதின் என்ற ஆய்வாளர். 1990-களில் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் வந்தார். இல்லை, இதெல்லாம் அடுத்த நூற்றாண்டில் வடக்கத்தி ராஜாக்கள் கட்டியது, சாலமோன் ஒரு மலைக் கிராமத்துத் தலைவர் அளவுக்குத்தான் இருந்திருப்பார் என்றார். சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆக, உவரிக்குக் கப்பல் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால், கப்பல் விடும் அளவுக்கு அந்த ராஜா பெரியவரா என்பதே வழக்கில் இருக்கிறது.

சரி, பைபிள் என்ன சொல்கிறது? செங்கடலின் வடக்கு முனையில் ஏசியோன் கேபேர் என்ற இடத்தில் சாலமோன் கப்பல் கட்டினார். அவருடைய ஆட்களுக்குக் கடல் தெரியாது. தீரு நகரத்து மன்னன் ஈராம் மாலுமிகளை அனுப்பினார். பினீசியர்கள், கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவரிடம் துறைமுகம், இன்னொருவரிடம் தொழில். கூட்டுக் கம்பெனி! கப்பல் ஓப்பீருக்குப் போய் 420 தாலந்து தங்கம் கொண்டுவந்தது. ஒரு தாலந்து சுமார் 34 கிலோ என்று வைத்தால், 14 டன். இதே கதையைத் திருப்பிச் சொல்லும் நாளாகமப் புத்தகத்தில் அது 450 தாலந்து. சொல்லச் சொல்ல ஒரு டன் ஏறிவிட்டது. இன்னோர் இடத்தில், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தர்ஷீஸ் கப்பல்கள் தங்கம், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்ததாக வருகிறது. பெரியவர் சொன்ன பட்டியல் இதுதான்.

சாலமோனுக்குப் பிறகு யோசபாத் என்ற யூதா ராஜாவும் ஓப்பீர் தங்கத்துக்கு ஆசைப்பட்டுக் கப்பல் கட்டினார். அது ஏசியோன் கேபேரிலேயே உடைந்துபோனது. கப்பல் கம்பெனி ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் கதை தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதிதில்லை. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஐந்தே வருஷத்தில் மூடப்பட்டது. அங்கே கெடுத்தது பாறையோ காற்றோ, இங்கே வெள்ளைக்காரன்.

ஓப்பீர் என்று ஒரு இடம் உண்மையில் உண்டா? 1946-இல் இன்றைய டெல் அவிவ் நகரத்துப் பகுதியில் ஒரு பானை ஓடு கிடைத்தது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில், ஓப்பீர்த் தங்கம் 30 சேக்கல் என்று ஒரு கணக்கு எழுதியிருந்தது. எனவே வெறும் கட்டுக்கதை இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. சென்னையில் தூத்துக்குடி மக்ரூன் என்று போர்டு மாட்டி விற்கிறார்களே, அதெல்லாம் தூத்துக்குடியில் போட்டதா? ஓப்பீர்த் தங்கம் என்பதும் அப்படித் தரத்தைக் குறிக்கும் பெயராக ஆகியிருக்கலாம்.

எங்கே இருந்தது என்பதற்குப் பதில் சொல்லாத ஆளே இல்லை. ஏமன் என்றார்கள், ஆப்பிரிக்கக் கரை என்றார்கள், மும்பைக்குப் பக்கத்து சோப்பாரா என்றார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் இந்தியாவில் என்றார். கொலம்பஸ் தான் இறங்கிய தீவே ஓப்பீர் என்று நினைத்தார். 1568-இல் பசிபிக் கடலில் சில தீவுகளைப் பார்த்த ஸ்பானியர்களும் அதே கனவில் இருந்தார்கள். அதனால்தான் அவற்றுக்கு இன்றைக்கும் சாலமன் தீவுகள் என்று பெயர். உலகம் முழுக்க இப்படி உரிமை கொண்டாடும்போது உவரி மட்டும் சும்மா இருக்குமா? ஒலி ஒற்றுமை ஒன்றை வைத்து ஊரை முடிவு செய்தால், முடிவே இருக்காது.

மயில் விஷயம் அப்படியில்லை. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ராபர்ட் கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838-இல் சென்னைக்கு வந்தார். அங்கிருந்து தஞ்சை, நீலகிரி, மதுரை என்று சுற்றிக் கால்நடையாகவே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, 1841-இல் இடையன்குடித் தேரிக்காட்டில் குடியேறினார். மத போதகர்தான். ஆனால் மண்வெட்டியையும் அகராதியையும் கீழே வைக்காத போதகர். கொற்கையில் தோண்டிப் பார்த்தவர். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். பைபிளை மூல எபிரேயத்தில் படித்தபோது அவர் கண்ணில் ஒரு சொல் பட்டது. மயில்கள் என்று எல்லோரும் மொழிபெயர்க்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது 'துக்கீயிம்'. 'இம்' என்பது பன்மை விகுதி. அதை உருவிவிட்டால் மிஞ்சுவது 'துக்கி'.

துக்கி... தோகை!

இடையன்குடி வெயிலில் உட்கார்ந்து இதைக் கவனித்த மனுஷனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எபிரேயத்தில் துக்கிக்கு வேர் இல்லை. அது வெளியூர்ச் சொல். மயில் வெளியூர்ப் பறவை. நீல மயிலுக்குச் சொந்த ஊர் இந்தியாவும் இலங்கையும்தான். தோகை என்றால் இன்றைக்கு நமக்கு மயிலின் வால். பழைய தமிழில் மயிலுக்கே அது பெயர். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாகத்தான் இருக்கும் என்று கால்டுவெல் எழுதினார். மாக்ஸ் முல்லர் இதை எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். நூறு வருஷம் கழித்து, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சைம் ராபின் வந்தார். 1968-இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக் கருத்தரங்கின் தொகுதியில் அவர் கட்டுரை இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் பாலஸ்தீனத்துக்கும் நடந்த பழைய வணிகத்துக்கு எபிரேயத்தில் உள்ள கடன்சொற்களே சாட்சி என்பது அவர் வாதம். யூதப் பேராசிரியரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

அப்புறம் நிறைய இருக்கிறது. நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது வக்கீல் வேலை.

முதல் அடி, ஆல்பிரைட் என்ற அமெரிக்க அறிஞரிடமிருந்து. பட்டியலில் குரங்கும் துக்கியும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. குரங்குக்கு எபிரேயம் 'கோஃப்'. அது சமஸ்கிருத 'கபி' என்பார்கள். ஆனால் அதே மாதிரிச் சொல் எகிப்திய மொழியிலும் இருக்கிறது, அதுவும் ரொம்பப் பழையதாக. அப்படியானால் துக்கியும் எகிப்தியச் சொல்தான், அது இன்னொரு வகைக் குரங்கு என்றார் ஆல்பிரைட். மயில் ஒரே நாளில் குரங்காகிவிட்டது! இந்தக் கணக்குப்படி கப்பல் போனது ஆப்பிரிக்கக் கரைக்கு.

இரண்டாவது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு. கி.மு. 3, 2-ஆம் நூற்றாண்டுகளில் யூத அறிஞர்களே செய்தது. ராஜாக்கள் புத்தகத்தின் இந்த இடத்தில் அதில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை. செதுக்கிய கற்கள் என்று இருக்கிறது. துக்கி என்றால் என்னவென்று அவர்களுக்கே தெரியவில்லையா, அல்லது அவர்கள் கையிலிருந்த ஏட்டில் வேறு சொல் இருந்ததா?

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய அடி. ராஜாக்கள் புத்தகத்தில் கடைசியாக வரும் நிகழ்ச்சி கி.மு. 561-ஐ ஒட்டியது. அதாவது, அந்தப் புத்தகம் இன்றைய வடிவத்துக்கு வந்தது சாலமோனுக்கு நாலு நூற்றாண்டு கழித்து. பழைய அரண்மனைக் குறிப்புகள் அதில் இருக்கலாம். ஆனால் துக்கி என்ற சொல் சாலமோன் காலத்திலேயே எபிரேயத்தில் இருந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் வந்து சேர்ந்திருக்கலாம்.

இதோடு என் சொந்த சந்தேகம் ஒன்று. சாலமோனின் கப்பல் நம் கரைக்குத்தான் வந்தது என்றால், பட்டியலில் முத்து எங்கே?

இது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கடலின் பெயரே முத்துக்குளித்துறை. சங்கப் பாட்டில் கொற்கை என்றால் முத்து. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியாக வந்துபோன கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளுஸ் என்ற வழிகாட்டியில், கொற்கை முத்துச் சலாபத்தில் தண்டனைக் கைதிகளை முக்குளிக்க வைத்தார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. போர்த்துகீசியர் வந்து சண்டை போட்டதும் முத்துக்காக, டச்சுக்காரர் வந்ததும் முத்துக்காக. 1961 வரை தூத்துக்குடியில் சலாபம் நடந்தது. அப்படிப்பட்ட கரைக்கு மூன்று வருஷம் பயணம் பண்ணி வந்தவன், முத்தை விட்டுவிட்டுக் குரங்கைப் பிடித்துக்கொண்டா போவான்?

தமிழ் பைபிளில் நீதிமொழிகளில் முத்து வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல மனைவியின் விலை முத்தைவிட உயர்ந்தது என்ற இடம், கல்யாண வீடுகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அங்கே எபிரேயச் சொல் 'பெனீனிம்'. அதே சொல் புலம்பல் புத்தகத்தில் சிவப்புக்கு உவமையாக வருகிறது. சிவந்த முத்து உண்டோ? பவளமாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது பல அறிஞர்கள் சொல்கிறார்கள். நம்மூர் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் முத்து இருந்தது. வைத்துவிட்டார்கள்.

கடல் வழியும் உதைக்கிறது. பெரிப்ளுஸ் காலத்தில் மேற்கத்திக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து வந்தன. அந்தக் கப்பல்களே பெரும்பாலும் சேரநாட்டு முசிறியோடு சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டன. குமரி முனையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தவை குறைவு. இங்கே ஓடியவை உள்ளூர்க்காரர்களின் கலங்கள். அதற்கு ஆயிரம் வருஷம் முன்னால், கடல் தெரியாத ராஜாவின் கப்பல் குமரியைச் சுற்றி உவரியில் நங்கூரம் போட்டது என்று நம்ப எனக்கு மனசு இருக்கிறது, காரணம் இல்லை.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. கப்பல் வந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, சரக்கு போனதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வருகிறது.

எகிப்தின் இரண்டாம் ராம்செஸ் கி.மு. 1213-இல் செத்தபோது, பதம்பண்ணிய உடலின் மூக்குத் துவாரத்தில் மிளகு வைத்திருந்தார்கள். நம் மேற்கு மலைச் சரக்கு. சாலமோனுக்கு இருநூற்றைம்பது வருஷம் முந்தியது. 2013-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சின்னச் சின்னப் பினீசியக் குடுவைகள் 27-ஐ எடுத்து உள்ளே ஒட்டியிருந்ததைப் பரிசோதித்தார்கள். கிட்டத்தட்ட தாவீது, சாலமோன் காலத்துக் குடுவைகள். பத்தில் இலவங்கப்பட்டையின் வேதிப்பொருள் இருந்ததாக அறிவித்தார்கள். பட்டை விளைவது இலங்கையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும். 2020-இல் இன்னொரு குழு பழைய எலும்புக்கூடுகளின் பல்லில் படிந்த காரையைச் சுரண்டிப் பார்த்தது. மெகிதோவில் மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒருவர் பல்லில் மஞ்சள்! தெல் எரானி என்ற இடத்தில், சாலமோனுக்குக் கொஞ்சம் முந்திய காலத்து ஆள் ஒருவர் பல்லில் வாழைப்பழம். செத்துப்போன மனுஷன் பல் விளக்காமல் விட்டதால் நமக்கு வரலாறு கிடைத்திருக்கிறது.

இதெல்லாம் ஒரே கப்பலில் ஒரே மூச்சில் போயிருக்க வேண்டியதில்லை. இங்கிருந்து ஒருவன் மேற்குக் கரைக்குக் கொண்டுபோவான். அங்கிருந்து இன்னொருவன் அரபுக் கரைக்கு. அப்புறம் ஒட்டகம், அப்புறம் பினீசியன். கை மாறக் கை மாற விலை ஏறும், ஊர்ப் பெயர் மறந்துபோகும், சரக்கின் பெயர் மட்டும் கொஞ்சம் தேய்ந்து கூடவே போகும். உயிருள்ள மயிலைக் கப்பலில் வளர்த்துக் கொண்டுபோவதைவிட, ஒரு கட்டுத் தோகையைக் கொண்டுபோவது சுலபம். விற்றவன் அதைத் தோகை என்றே சொல்லி விற்றிருப்பான். வாங்கியவன் அந்தப் பெயரை முழுப் பறவைக்கும் வைத்திருப்பான். இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

மயில் வியாபாரத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. பாலி மொழி ஜாதகக் கதைகளில் ஒன்று. வியாபாரிகள் பாவேரு தேசத்துக்கு, அதாவது பாபிலோனுக்கு, ஒரு காக்கையைக் கொண்டுபோனார்கள். அந்த ஊரில் பறவையே கிடையாதாம். ஆ என்று பார்த்து நூறு காசு கொடுத்து வாங்கிக் காக்கையைத் தங்கக் கூண்டில் வைத்துக் கறியும் பழமும் ஊட்டினார்கள். அடுத்த தடவை ஒரு மயிலைக் கொண்டுபோனார்கள். கை தட்டினால் ஆடும் மயில். ஆயிரம் காசு. அன்றிலிருந்து காக்கையை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. கதைதான். ஆனால் பாபிலோனில் மயில் விலைபோகும் என்று தெரிந்த ஊரில்தான் இப்படி ஒரு கதை பிறக்கும்.

பாபிலோன் என்றதும் அந்த இரண்டு ராஜ்ஜியங்களின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் சமாரியாவைப் பிடித்தார்கள். மக்களைப் பெயர்த்துக்கொண்டு போய் எங்கெங்கோ குடிவைத்தார்கள். வடக்கு ராஜ்ஜியம் அதோடு தீர்ந்தது. தெற்கே எசேக்கியாவை கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் வளைத்தான். கூண்டுப் பறவையைப் போல அவனை நகரத்துக்குள் அடைத்துவிட்டேன் என்று எழுதிக்கொண்டான். ஊர் தப்பியது, ஆனால் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கப்பப் பட்டியலில் தந்தக் கட்டில்களும் யானைத் தோலும் இருக்கின்றன. யானையே இல்லாத மலைநாட்டு ராஜாவிடம்! கடைசியில் கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமைக் கொளுத்தினார்கள். சாலமோன் கட்டிய ஆலயமும் போனது. நாடு கடத்தப்பட்டவர்கள் பாபிலோனில் உட்கார்ந்து தங்கள் பழைய ராஜாக்களின் கதையைத் தொகுத்தார்கள். துக்கி என்ற சொல் அந்தக் கதையில் பத்திரமாக இருந்தது.

இதே நூற்றாண்டுகளில் இந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? ஆதிச்சநல்லூர் உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்ஸாண்டர் ரீ. தாழிகள், இரும்பு, வெண்கலம், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள். (உவரிப் பெரியவரிடம் தங்கம் ஏது என்று கேட்டேனே, இருந்திருக்கிறது!) அங்கே கிடைத்த இரண்டு மாதிரிகளுக்கு 2019-இல் வெளிவந்த தேதிகள், கி.மு. 905, கி.மு. 696. முதல் தேதி சாலமோன் இறந்து ஒரு தலைமுறைக்குள். இரண்டாவது எசேக்கியாவின் காலத்தை ஒட்டி. பக்கத்திலேயே சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று தேதி வந்ததை 2021-இல் அரசு அறிவித்தது. அது தாவீதுக்கும் முந்தியது.

கொற்கை? ஏரலுக்குப் பக்கத்தில் இன்றைக்கு வாழையும் நெல்லும் சூழ்ந்த ஒரு சின்னக் கிராமம். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தமிழகத் தொல்லியல் துறை முதன்முதலில் களமிறங்கித் தோண்டிய ஊர்களில் ஒன்று. 1968-69-இல் எடுத்த கரித்துண்டுக்கு கி.மு. 785-ஐ ஒட்டித் தேதி வந்தது. முன்பின் சில பத்தாண்டுகள் நகரலாம். அந்தப் பத்தாண்டுகளில்தான், உசியா என்ற யூதா ராஜா செங்கடல் துறைமுகமான ஏலாத்தை மறுபடியும் கைப்பற்றிக் கட்டினான் என்கிறது பைபிள். அங்கே ஒருவன் துறைமுகத்தைச் செப்பனிடுகிறான், இங்கே ஒருத்தி அடுப்பு மூட்டுகிறாள். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவன் வீட்டுக் குடுவையில் இருந்த வாசனை இவள் பக்கத்து நாட்டு மரத்துப் பட்டை.

இன்றைய இஸ்ரேலில் போய்த் துக்கி என்று சொன்னால் கிளியைக் காட்டுவார்கள். நவீன எபிரேயத்தில் அந்தச் சொல் கிளிக்குப் போய்விட்டது. மயிலுக்கு 'தவஸ்' என்கிறார்கள்.

போன வருஷம் மறுபடி உவரிக்குப் போனபோது பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அதே படகு நிழல். இவ்வளவையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். முத்து ஏன் பட்டியலில் இல்லை என்ற இடத்தில் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"அப்பம் சாலமோன் கப்பல் வரலங்கியளா?"

"வந்ததுக்கு அத்தாட்சி இல்லைய்யா. ஆனா நம்ம பக்கத்துச் சரக்கு அங்கே போயிருக்கு. யார் கப்பல்ல போச்சுன்னுதான் தெரியல."

ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இங்கேருந்து போனா நம்ம ஆளுவ வள்ளத்துலதான் போயிருக்கும். இதுக்கு எதுக்கு தம்பி சாலமோன்?"